பிள்ளையைப் பிரிக்காமல் பாடத்தைப் பிரிப்போம்: நம் சனிக்கிழமை வகுப்பின் கதை



பொன்விழா மலருக்கு நம் சங்கத்தின் துணைப்பாட வகுப்பைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை பேர் டாக்டரானார்கள், எத்தனை பேர் வழக்கறிஞரானார்கள் என்று பட்டியல் போடுவது எளிது. முந்தைய மலர்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அந்தப் பட்டியல்களில் இடம்பெறாத பிள்ளைகளும் அதே பாயில் உட்கார்ந்து படித்தவர்கள்தாம். இப்போது வகுப்பை நடத்தும் எங்களில் பெரும்பாலோர் அந்த வரிசையைச் சேர்ந்தவர்கள்.

எங்களுக்கு வயது முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள். கடை வைத்திருப்பவர், சரக்கு இறக்குமதி செய்பவர், மருத்துவமனையில் தாதியாக இருப்பவர், மின்தூக்கி பழுதுபார்ப்பவர் என்று ஆளுக்கொரு தொழில். படித்தது தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி வரைதான். ஆகவே இதைக் கல்வி நிபுணர்களின் ஆய்வாகப் பார்க்க வேண்டாம். வியாபாரிகள் ஆண்டு முடிவில் பேரேட்டைப் புரட்டி, வரவு எது, நட்டம் எது என்று பார்ப்பதைப் போல் நம் வகுப்பின் ஐம்பது ஆண்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறோம். நட்டத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

தஞ்சோங் பகாரிலிருந்து ஆங் மோ கியோவுக்கு

கல்விக்காகக் கைக்காசு போடுவது சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. 1946-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்ற நிலை வந்ததும் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். 1982-இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டபோது இந்த நாட்டில் தமிழ்வழிக் கல்வியே முடிவுக்கு வந்தது. புலவரின் பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது.

ஆங் மோ கியோவில் 1973-இல் புதிய நகரம் கட்டத் தொடங்கினார்கள். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் மாடியிலும் தஞ்சோங் பகாரிலும் நெருக்கியடித்துக் குடியிருந்த நம் குடும்பங்கள் சில எழுபதுகளின் பிற்பாதியில் இங்கு வந்தன. 1980-இல் அவென்யூ 6-இல் அல் முத்தகீன் பள்ளிவாசல் எழுந்தது. வாப்பாமார் விடியற்காலையில் பேருந்து ஏறித் தேக்காவுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை வாசித்துச் சொல்லப் பல வீடுகளில் ஆள் இல்லை.

அந்தக் குறையைப் போக்கத்தான் நம் வகுப்பு பிறந்தது. துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ஒரு காக்கா, தம் மூவறை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். கட்டணம் கிடையாது. தேநீரும் பிஸ்கட்டும் அவர் வீட்டுச் செலவு. தொடக்கநிலை 2 படிக்கும் பிள்ளையும் உயர்நிலை 1 படிக்கும் பிள்ளையும் ஒரே கூடத்தில் இருந்ததால் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, அவரவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்துச் சொல்லிக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த முறைக்கு ஒரு பெயர் உண்டு என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் வெகுகாலம் தெரியாது.

1979: நாடு பிள்ளைகளைப் பிரித்தது

அந்தக் காலத்தில் நாடு முழுவதுமே பிள்ளைகள் படிப்பில் உதிர்ந்துகொண்டிருந்தார்கள். துணைப்பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில் ஒரு குழு அதை ஆராய்ந்து 1979 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள். 1975 முதல் 1977 வரை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் சாதாரண நிலைத் தேர்வும் எழுதியவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் ஒரு மொழியிலோ இரண்டு மொழிகளிலுமோ தோற்றிருந்தனர். பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படித்த பிள்ளைகளில் சுமார் 85 விழுக்காட்டினர் வீட்டில் அந்த மொழிகளைப் பேசவில்லை. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்று வைத்திருப்பதால்தான் இந்த இழப்பு என்று அறிக்கை சொன்னது.

அது கண்ட நோய் உண்மையானது. மருந்தாக வந்தது, பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறை. தொடக்கநிலை 3-இன் முடிவில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவினர் ஆறு ஆண்டில் தொடக்கக் கல்வியை முடிப்பார்கள். இரண்டாம் பிரிவினருக்கு எட்டு ஆண்டு. மூன்றாவதான ஒருமொழிப் பிரிவினருக்கும் எட்டு ஆண்டுதான், ஆனால் முடிவில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு கிடையாது. அவர்கள் தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும். உயர்நிலையில் சிறப்புநிலை, விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். இந்த முறை வந்த பிறகு பாதியில் படிப்பை விடுவோர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. நம் ஆட்களிலும் பலர் தொழிற்பயிற்சி பெற்று நல்ல வேலைக்குப் போனார்கள். ஆனால் ஒன்பது வயதில் ஒரு பிள்ளையின் வழி முடிவாகிவிடும்போது அந்த முடிவு எதை அளந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளையும், உம்மாவிடம் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளையும் ஒரே ஆங்கிலத் தாளை எழுதினார்கள். அறிவைப் போலவே வீட்டையும் சேர்த்துத்தான் அந்தத் தாள் அளந்தது.

இஎம்3 என்ற பெயர்

1992-இல் முறை மாறியது. தொடக்கநிலை 4-இன் முடிவில் இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பிரித்தார்கள். ஆங்கிலமும் தாய்மொழியும் இரண்டும் நன்றாக வந்தால் இஎம்1. பெரும்பாலோர் இஎம்2. இரண்டுக்கும் சிரமப்படுவோர் இஎம்3. அவர்களுக்கு அடிப்படை அளவில் பாடம், தாய்மொழியில் பெரும்பாலும் கேட்டலும் பேசுதலும். இஎம்3 பிள்ளைகளில் பெரும்பாலோர் 1994-இல் தொடங்கிய வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனார்கள்.

நாங்கள் பள்ளி சென்ற காலம் இதுதான். எங்களில் இருவர் இஎம்3. பாடம் எளிதாக இருந்தது, ஆசிரியர்களில் அன்பானவர்களும் இருந்தார்கள். வலித்தது பெயர்தான். இடைவேளையில் பந்து விளையாடக் கூப்பிடும்போதே 'டேய் இஎம்3' என்பார்கள். 2002-இல் வந்த 'ஐ நாட் ஸ்டுப்பிட்' என்ற சீனப் படம் இந்தப் பிள்ளைகளின் கதையைத்தான் சொன்னது. திரையரங்கில் எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், ஆனால் வெளியே வந்த பிறகு ஒருவரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

நம் சங்கம் செய்த தவறு

இந்தப் பகுதியை எழுதலாமா என்று குழுவில் இரண்டு கூட்டம் பேசினோம். மூத்தவர்கள் எழுதச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி.

தொண்ணூறுகளின் நடுவில் சங்கத்துக்கு இரண்டு அறைகள் கிடைத்தன. முன்னறையில் மின்விசிறியும் புது வெள்ளைப் பலகையும் இருந்தன. அங்கே இஎம்1, இஎம்2 பிள்ளைகள். பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டூழியர்களாக வந்தால் அவர்களுக்கு முன்னறை. பின்னறையில் இஎம்3 பிள்ளைகள். அன்று யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் வந்து சொல்லிக் கொடுப்பார். சில சனிக்கிழமைகளில் யாருமே வரவில்லை.

ஆண்டு இறுதிப் பரிசளிப்பில் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களை மேடைக்கு அழைத்துக் கேடயமும் பணமுடிப்பும் தந்தோம். பின்னறைப் பையன்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலை, பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் வேலை. நாங்கள் அதைச் சந்தோஷமாகத்தான் செய்தோம். எங்களில் ஒருவரின் உம்மா, புதுச் சேலை உடுத்தி வந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்து புளோக்குக்கு நடந்து போகும்போது, "உன் பேரை எப்பப்பா கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவன் வகுப்புக்கு வரவில்லை. வேறு சிலரும் அப்படியே நின்றார்கள். அந்த மகன் திரும்பி வந்து இன்று எங்கள் குழுவில் கணக்குப் பாடம் எடுக்கிறார். திரும்பி வராதவர்களைப் பற்றி நாங்கள் விசாரிக்கவே இல்லை.

அன்றைய நிர்வாகிகள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பள்ளி எப்படிப் பிரித்ததோ அப்படியே நாமும் பிரித்தோம். பள்ளிக்கு ஆயிரம் பிள்ளைகள், நமக்கு முப்பது பிள்ளைகள். நாம் பிரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூவறை வீட்டுக் கூடத்தில் காக்கா செய்ததை மறந்து, பள்ளி செய்ததைப் பார்த்து எழுதிவிட்டோம்.

உஸ்தாத் காட்டிய வழி

வேறு வழி எங்களுக்குக் கண்முன்னே இருந்தது. மக்ரிபுக்குப் பிறகு குர்ஆன் ஓதும் வகுப்பில் இருபது பிள்ளைகள் ஒரே அறையில் உட்காருவோம். ஒருவன் அலிஃப், பே எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பான். ஒருத்தி அம்ம ஜுஸ்வில் இருப்பாள். இன்னொருவன் இரண்டாம் முறை முழுவதும் ஓதி முடிக்கப் போவான். உஸ்தாத் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து ஓதச் சொல்லிக் கேட்டு, திருத்தி, நாளைய பாடத்தைக் குறித்துக் கொடுப்பார். சரியாக வராதவனுக்குப் பாடம் நகராது, அவ்வளவுதான். அவனுக்கு வேறு அறையும் கிடையாது, வேறு பெயரும் கிடையாது. பெரியவள் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். பிரம்பும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் 'நான் எந்தப் பிரிவு' என்று அங்கே யாரும் யோசித்ததில்லை.

இதையே இன்று கல்வித் துறையில் வேறுபடுத்திய கற்பித்தல் என்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் கேரல் ஆன் டாம்லின்சன் 1999-இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது. ஒரே வகுப்பில், ஒரே பாடப்பொருளை, அவரவருக்கு ஏற்ற படியிலிருந்து தொடங்குவது. பிள்ளை நகர நகரப் படியை மாற்றுவது. சிங்கப்பூர்க் கல்வியமைச்சு 2020-இல் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஆறு துறைகளில் இதுவும் ஒன்று.

நம் பூர்வீக ஊர்ப் பக்கமும் இது நடந்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு ஏணிப்படி போல் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மும்பையில் 1995-இல் தொடங்கிய பிரதம் அமைப்பு, வயதைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்து, நாளில் சிறிது நேரம் மட்டும் பிள்ளைகளைக் குழுவாக்கிச் சொல்லிக் கொடுக்கிறது. அந்த நேரம் முடிந்ததும் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறது. இந்தத் திரும்புதல்தான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. 1979-இல் பிரிந்த பிள்ளைக்குத் திரும்பி வர வழி குறுகலாக இருந்தது.

இப்போதைய வகுப்பு நடக்கும் விதம்

பொறுப்பு எங்கள் கைக்கு வந்ததும் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த தடுப்பை எடுத்தோம். முதல் ஆண்டு சொதப்பினோம். மூன்று நிலைப் பயிற்சித் தாள்களை மூன்று நிறக் கோப்பில் போட்டுக் கொடுத்தோம். இரண்டாம் வாரமே பிள்ளைகள் 'நான் பச்சை, அவன் சிவப்பு' என்றார்கள். இஎம்3 வேறு வேடத்தில் வந்து நின்றது. கோப்புகளைத் தூக்கிப் போட்டோம்.

இப்போது நிலை பிள்ளைக்குக் கிடையாது, பாடத்துக்குத்தான். பின்னம் நடத்துகிறோம் என்றால் முதல் பத்து நிமிடம் ஐந்து சிறு கேள்விகள். விடையைப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சிலர் காகிதத்தை மடித்து, அரையும் நாலில் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிப்பார்கள். சிலர் வெவ்வேறு பகுதி எண் கொண்ட பின்னங்களைக் கூட்டுவார்கள். சிலருக்கு, பத்துப் பேருக்கான நெய்ச்சோற்றுக் கணக்கை முப்பத்தைந்து பேருக்கு மாற்றும் வேலை. கடைசிக் கால் மணி நேரம் எல்லாரும் ஒன்றாகப் பலகை முன். அடுத்த வாரம் தமிழ்க் கருத்தறிதல் என்றால் வரிசை தலைகீழாகிவிடும். காகிதம் மடித்துக்கொண்டிருந்த சிறுமி, ஊரிலிருந்து வந்த உம்மாவிடம் தமிழ் கேட்டு வளர்ந்தவள். அன்று மற்றவர்களுக்கு அவள்தான் விளக்குவாள். வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசும் பிள்ளைகள் அன்று அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடிப்பார்கள்.

ஒரு விதியை மட்டும் விடாமல் வைத்திருக்கிறோம். எளிய தாளில் தொடங்கிய பிள்ளை ஒரு பாடத்தை எளிய தாளோடு முடிக்கக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்ப்போம். ஒரு பிள்ளை நகரவில்லை என்றால் முதலில் எங்களைத்தான் கேட்டுக்கொள்கிறோம். எளிய தாளைக் கொடுத்துவிட்டு மறந்துபோவது ஆசிரியருக்கு வசதி. அந்த வசதி வந்துவிட்டால் பின்னறை திரும்ப வந்துவிடும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். மூன்று வகைத் தாள் தயாரிக்க வியாழக்கிழமை இரவு கடையடைத்த பிறகு உட்கார வேண்டியிருக்கிறது. தொண்டூழியர் இருவர் வராவிட்டால் அன்றைய வகுப்பு ஆட்டம் காண்கிறது. 2023-இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. அந்தப் பணம் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே அளவில் வரவில்லை. இரவு வேலைக்குப் போகும் தாயின் மகனுக்கு நாங்கள் வாரம் இரண்டு மணி நேரம் தருகிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர். 1982-இல் தொடங்கிய மெண்டாக்கியும் 1991-இல் தொடங்கிய சிண்டாவும் குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்துகின்றன. நம் சம்பளத்திலிருந்து இரண்டுக்கும் பணம் போகிறது. ஆனால் ஒன்று மலாய்க்காரர்களுக்கு, மற்றது இந்துக்களுக்கு என்று நினைத்து இரண்டையும் நாடாத குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. இரண்டும் நமக்கு உரியவை. வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் இதை முதலில் சொல்கிறோம்.

நாடு மாறிவிட்டது, நாம்?

நாடும் தன் முறையை மெல்ல மாற்றிக்கொண்டு வந்தது. 2004-இல் இஎம்1, இஎம்2 இணைந்தன. 2008-இல் இஎம்3 மறைந்து, பாடத்துக்குப் பாடம் நிலையைத் தேர்ந்தெடுக்கும் முறை தொடக்கப்பள்ளிக்கு வந்தது. உயர்நிலையில் 2014-இல் 12 பள்ளிகளில் அதைச் சோதித்தார்கள். 2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங், தரம் பிரிக்கும் முறை முடிவுக்கு வரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலையும் இரு வழக்கநிலைகளும் இல்லை. பலதரப்பட்ட பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்துகொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் ஒன்றில் படிக்கிறார்கள். 2027 முதல் எல்லாரும் ஒரே சான்றிதழுக்குத் தேர்வெழுதுவார்கள்.

ஆனாலும் உயர்நிலைக்குள் நுழையும்போது மூன்று சேர்க்கைக் குழுக்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு பெற்றோர் சிலர் எங்களிடம் வந்து, மூன்றாம் குழுவில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வையுங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களோடு இருந்தால் தங்கள் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை, பிள்ளைக்காகக் கேட்கிறார்கள். கடினமான தாள் வேண்டிய பிள்ளைக்கு அது கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தோம். தனி அறை மட்டும் தர மாட்டோம் என்றோம். இரண்டு குடும்பங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. அந்த இழப்பையும் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

பரிசளிப்பும் மாறியிருக்கிறது. வகுப்பில் ஓராண்டு முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் மேடையில் வாசிக்கப்படுகிறது. அந்த ஆண்டு அது எந்தப் பாடத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று ஒரு வரி. நாற்காலி அடுக்குவதும் பிரியாணி கொடுப்பதும் இப்போது நிர்வாகக் குழுவின் வேலை.

நம் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியும் இதே ஆங் மோ கியோவில்தான். அங்கே படிக்கும் நம் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'நான் என்ன பெரிய படிப்பா படித்தேன், எனக்கென்ன சொல்லிக் கொடுக்கத் தெரியும்' என்று தயங்காதீர்கள். பின்னம் புரியாமல் திணறியவருக்குத்தான் ஒரு பிள்ளை எங்கே திணறுகிறது என்று சட்டென்று தெரியும். சனிக்கிழமை மாலை நான்கு மணி. சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

தொண்ணூறுகளில் பின்னறையில் படித்து இடையில் நின்ற சகோதரர்களும் இந்த மலரைப் புரட்டக்கூடும். உங்கள் பெயர்கள் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. பொன்விழா மேடையில் அவற்றையும் வாசிக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். முடிந்தால் குடும்பத்தோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.